தலையை உதறும் நாய்

மணி இரண்டே கால். கோமதிநாயகத்துக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் அடுக்களையில் இருந்தது. அடுக்களை வாசலுக்குக் குறுக்கே நாய் படுத்திருந்தது. கூடத்துப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தாநாள் என்றால் ‘ஏய், தள்ளு’ என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார், அது எழுந்து வழி விட்டிருக்கும். இன்று வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் கட்டு. கட்டுக்குள்ளே பற்கள் இறங்கிய இடம் விண்விண் என்று தெறித்தது. எழுந்து போனால் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். நேற்றும் அப்படித்தான் நினைத்தார். வாலை ஆட்டிக்கொண்டுதானே நின்றது? வாலை ஆட்டினால் சந்தோஷம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ஆட்டிக்கொண்டே கடித்தால் மனிதன் எதை நம்புவது? இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். மகள் சங்கரி ஓசூரில் இருந்தபடியே போனில் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். பிராணிகள் காப்பகத்து ஆட்கள் பாளையங்கோட்டைக்கே வந்து வீட்டு வாசலில் இருந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா. அது கிட்ட போகாதீங்க, அது போதும்.” கிட்டப் போகாமல் தண்ணீர் எப்படிக் குடிப்பது என்று அவளிடம் கேட்க முடியவில்லை. கேட்டால், ‘அம்மா போனப்பவே கொண்டு விட்டுருங்கன்னு சொன்னேன்லா’ என்பாள். சொன்னாள்தான். எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். இவர்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டு வந்தார். நாயின் மேல் பிரியம் என்று சொல்ல முடியாது. காலையில் கண் விழிக்கும்போது வீட்டுக்குள் வேறு ஒரு மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நாய் கொட்டாவி விட்டது. நாக்கு சுருண்டு, கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. அந்தப் பல்லா, அதற்குப் பக்கத்துப் பல்லா? தூக்கம் வருகிறது போலிருக்கிறது, தூங்கட்டும், தூங்கினால் தாண்டிப் போய்விடலாம் என்று காத்திருந்தார். தூங்கவில்லை. மூக்கை நக்கிக்கொண்டது. நடுக்கூடத்தில் சாப்பாடு போட்டது மாதிரி என்னத்துக்கு இப்படி நாக்கைச் சுழற்றுகிறது? பசியா? காலையில் வைத்த பாலும் சோறும் தட்டில் அப்படியே ஈ மொய்த்துக் கிடக்கிறது. பசியில்லை, தூக்கமில்லை, பிறகு என்ன? திடீரென்று தலையைப் படபடவென்று உதறியது. காதுகள் கன்னத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மூன்று வாரமாக இதுதான். அவரைப் பார்த்தால் தலையை உதறும். அவர் கிட்டப் போனால் உதறும், கூப்பிட்டால் உதறும். மாட்டேன், மாட்டேன், மாட்டேன். ஒரு நாயிடமிருந்து இப்படி ஒரு மறுப்பு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு நாள் சாயங்காலம், ‘சரி, வேண்டாம்னா போ, உன்னை யாரு கெஞ்சுதா?’ என்று அதனிடம் வாய்விட்டே சொல்லிவிட்டு, சொன்னது வெளியே யாருக்கும் கேட்டிருக்குமோ என்று ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்பதுதான் அதைவிட மோசமாக இருந்தது.

தலையாட்டல் எல்லாம் அவருக்குக் கணக்கில் வராத சமாச்சாரம். முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் தட்டச்சர். கூண்டில் நிற்கிற சாட்சி என்ன சொல்கிறாரோ அதுதான் காகிதத்தில் ஏறும். அழுவார்கள், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார்கள், எதிரியைப் பார்த்த உடனே எச்சில் முழுங்குவார்கள், ஒன்றும் ஏறாது. ஒரு தடவை ஒரு பெண் எந்தக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாள். “வாயைத் திறந்து சொல்லும்மா, நீ தலையை ஆட்டினா தட்டச்சர் என்னத்த அடிப்பார்?” என்றார் நீதிபதி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். விரல்கள் எழுத்துகளின் மேல் தயாராக நின்றன, அந்தப் பெண்ணின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத வேலை அது. காது இருந்தால் போதும். வீட்டிலும் அப்படித்தான் இருந்தார் என்று பிரமு சொல்வாள். பிரமநாயகி, அவர் மனைவி. “கொஞ்சம் ஏறிட்டுப் பாருங்களேன், நான் என்ன கோர்ட்டுலயா நிக்கேன்?” என்பாள். சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும் சொன்னாள். பிறகு ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணி, வலது கை தொங்கி, கீழே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவளிடம் பேச்சு இல்லை. ‘அவங்களுக்கு எல்லாம் புரியும், சொல்லுதான் வராது’ என்றார் டாக்டர். எல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்ன பிறகும் இவர் அவளிடம் சத்தம் போட்டுத்தான் பேசினார், காது கேட்காதவளிடம் பேசுவது போல. “தண்ணி வேணுமா? தண்ணி! தண்ணி!” அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மூடினால் ஆமாவா, இல்லையா? அ, ஆ எழுதிய அட்டை ஒன்றை வாங்கி வந்து விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். இடது கையால் அதைத் தட்டிவிட்டாள். அட்டை கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. கட்டிலுக்கு அடியில்தான் இந்த நாய் கிடக்கும். அவள் படுத்துக் கிடந்த ஆறு மாதமும் அங்கேதான் கிடந்தது.

அந்த ஆறு மாதத்தில் அவளை இந்த நாய்தான் புரிந்துகொண்டது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திடீரென்று கட்டிலுக்கு அடியில் இருந்து எழுந்து வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் இவர் முன்னால் நிற்கும். குரைக்காது. நின்று பார்க்கும். பிறகு உள்ளறைப் பக்கம் இரண்டடி வைக்கும், திரும்பிப் பார்க்கும். ‘போ அங்கிட்டு’ என்று விரட்டுவார். அரைமணி கழித்து உள்ளே போனால் விரிப்பு நனைந்திருக்கும், பிரமு சுவரைப் பார்த்துக் கிடப்பாள். இப்படி எத்தனை தடவை நடந்த பிறகு விளங்கியது? எட்டு? பத்து? பதினைந்தா? விளங்கிய பிறகு நாய் வந்து நின்ற உடனே எழுந்து போனார். போனாலும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுதான். எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இவர் கட்டிலில் உட்காருவார், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நெற்றியில் கை வைக்கப் போவார், திருப்பிக்கொள்வாள். கோபம். என்ன கோபம்? ஒன்றா, இரண்டா. யோசித்து யோசித்து அவர் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளுக்குப் பால்வாடியில் வேலைக்கு ஆர்டர் வந்தது. இவர்தான் தபாலை வாங்கினார். மேஜை டிராயரில் போட்டார். சேர வேண்டிய தேதி முடிந்து ஒரு வாரம் ஆன பிறகு எடுத்துக் கொடுத்து, ‘மறந்தே போச்சு’ என்றார். அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தபால் முத்திரைத் தேதியைப் பார்த்தாள், உள்ளே போனாள், அன்றைக்கு ரசம் வைத்தாள். அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததனால் அது அடங்கிவிட்டது என்று நினைத்தார். அடங்கவில்லை, முப்பது வருஷம் காத்திருந்து, வாய் போன பிறகு முகத்தால் சொல்கிறாள் என்று முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வந்த அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து படுத்தார். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். நாற்பது ராத்திரி கூடத்தில் படுத்தார். நாற்பத்தோராவது நாள் அவள் இல்லை.

நாய் தாடையைத் தரையில் வைத்தது. கண் மட்டும் மேலே இருந்தது. கண்ணோரத்தில் பிறை மாதிரி வெள்ளை தெரிந்தது. இப்படி ஒரு பார்வையை முன்னால் இதனிடம் கண்டதில்லை. இல்லை, நேற்றுக் கண்டார். நேற்று நாய் பிரமுவின் கட்டில்மேல் ஏறிப் படுத்திருந்தது. கட்டிலைக் கழற்றி மேலே போட்டுவிடலாம் என்று ஆசாரியை வரச் சொல்லியிருந்தார். ஆசாரி வருவதற்கு முன்னால் நாயை இறக்க வேண்டும். கிட்டப் போனார். நாய் எழுந்து நின்றது. வால் ஆடியது, முழு வால் இல்லை, விறைப்பாகத் தூக்கி நின்ற வாலின் நுனி மட்டும் வெடுக்வெடுக் என்று ஆடியது. அவருக்கு மனசு இளகியது. பரவாயில்லையே, நம்மைப் பார்த்து வாலை ஆட்டுகிறதே என்று, எத்தனையோ நாள் கழித்து, அதன் தலையைத் தடவக் கை நீட்டினார். காதுக்குப் பக்கத்தில் விரல் பட்டதும் அது திரும்பியது. கடித்த உடனே விட்டுவிட்டது. விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கியது. ரத்தம் சொட்டச் சொட்ட அவருக்கு வலியைவிட வெட்கம்தான் வந்தது. ஏன் கை நீட்டினோம்? தொட வேண்டும் என்று தோன்றியதே, அறுபத்து மூன்று வயதில், அதற்கு இந்தக் கூலியா?

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. நாய் விருட்டென்று தலையைத் தூக்கியது, அவர் இடது கையால் தடுமாறி எடுத்தார். “சார், நான் எஸ்தர், காப்பகத்து டாக்டர். உங்க மக நம்பர் குடுத்தாங்க. நாலு மணிக்கு வந்துருவோம். நாய் இப்ப எங்க சார் இருக்கு?” பெண் குரல், சின்ன வயசுதான். “அடுக்களை வாசல்ல படுத்திருக்கும்மா. நான் கூடத்துல இருக்கேன்.” “நீங்க அதைப் பாத்துக்கிட்டேவா இருக்கீங்க?” “பாக்காம? கடிச்ச நாயில்லா.” “நேருக்கு நேரா கண்ணைப் பாக்காதீங்க சார். மிரட்டுறீங்கன்னு நினைக்கும். கொட்டாவி விடுதா?” “விட்டுது. தூக்கம்லா.” “தூக்கம் இல்ல சார், பயம். மூக்கை நக்கிக்கிடுதா?” “ஆமா.” “அதுவும் அதான். கண்ணுல வெள்ளை தெரியுதா?” “தெரியுது.” “நேத்து கடிக்கதுக்கு முன்னாடி வால் எப்படி இருந்துச்சு?” அவர் சொன்னார். விறைப்பு, நுனி, வெடுக்வெடுக். ஒன்று விடாமல் சொன்னார். “அது ‘கிட்ட வராத’ன்னு சொன்னது சார். சந்தோஷத்துல ஆட்டுனா இடுப்போட சேந்து ஆடும். கோவக்கார நாய் இல்ல அது. ரொம்பப் பயந்து போயிருக்கு.” அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கேட்கலாமா, வேண்டாமா? டாக்டர், வேலை இருக்கும், வைக்கப் போகிறாள். “ஒரு சந்தேகம்மா. கிட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிடுது. அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு அப்படியே கிடக்கு. அது என்னம்மா, வெறுப்பா?” “ஐயோ, இல்ல சார். சண்டை வேண்டாம்னு அர்த்தம். நான் உன்கூட மல்லுக்கு நிக்கல, மெதுவா வான்னு சொல்லுது. நம்ம ஆளுங்க அதைத்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க.” அவர் பார்வை உள்ளறைப் பக்கம் போனது. “சார்? லைன்ல இருக்கீங்களா?” “இருக்கேம்மா.” “முடிஞ்சா நாற்காலியில இருந்து இறங்கித் தரையில உக்காருங்க. பக்கவாட்டுல திரும்பி உக்காரணும். கை நீட்டாதீங்க, கூப்பிடாதீங்க. அது வந்தா வரட்டும், வராட்டி விட்டுருங்க. நாங்க வந்துருதோம்.”

போனை மடியில் வைத்தார். எந்திரிச்சுப் போயிருவாங்க. தலையணையை எடுத்துக்கொண்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. சீ, நாய் வேறு, மனுஷி வேறு. எஸ்தர் நாய்க்குச் சொன்னதை எடுத்துக்கொண்டுவந்து பிரமுவுக்குப் பொருத்துவது என்ன புத்தி? பிரமுவுக்குக் கோபம் இருந்திருக்கும், இருக்க வேண்டிய கோபம்தான் அது, ஆர்டரை ஒளித்து வைத்தது உண்மைதானே? ஆனால் கோபம் இருந்தவள் கையையும் அல்லவா இழுத்துக்கொள்ள வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கை கட்டில் ஓரத்திலேயே கிடந்தது. இடது கை. அசைக்க முடிந்த கை. உள்ளங்கை மேலே பார்த்தபடி. அவர் அதைப் பார்த்திருக்கிறார், தினமும் பார்த்திருக்கிறார், போர்வைக்குள் எடுத்து வைத்திருக்கிறார், குளிரும் என்று. குளிரும் என்றா வைத்தோம்? மறுபடியும் வெளியே வந்து கிடக்கும், மறுபடியும் உள்ளே வைப்பார். வாய் கோணிப் போயிருந்ததே, எச்சில் வழியுமே, அதை நான் பார்க்க வேண்டாம் என்று திருப்பிக்கொண்டிருப்பாளோ? பவுடர் போடாமல் வாசலுக்கு வராதவள். ஒருவேளை வெறுமனே வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கும். டியூப்லைட் நேர் எதிரே அல்லவா இருந்தது. இருந்தது. அதை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அணைத்துவிட்டு, சும்மா, ஒன்றும் கேட்காமல், தண்ணி வேணுமா என்று கத்தாமல் உட்கார்ந்திருக்கலாம். எதுவென்று இனி எப்படித் தெரியும்? யாரைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது? ஒன்றும் தெரியப்போவதில்லை என்பது இத்தனை நாளும் இல்லாத விதத்தில் இப்போதுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அது கோபம் என்று வைத்துக்கொண்டவரைக்கும் அதில் ஒரு முடிவாவது இருந்தது.

நாற்காலியின் கையைப் பிடித்து இறங்கினார். முழங்கால் இரண்டும் கடகடத்தன. தரை குளிர்ச்சியாக இருந்தது. எத்தனை வருஷம் ஆகிறது தரையில் உட்கார்ந்து? நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இப்போது முகமும் கழுத்தும் அதன் பல்லுக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. வந்து பாய்ந்தால் எழுந்திருக்கக்கூட முடியாது. சங்கரி பார்த்தால் திட்டுவாள். காலண்டரில் இன்றைய தேதி கிழிக்கப்படவில்லை, நேற்றையதும் இல்லை. பின்னால் நகங்கள் தரையில் பட்டன. ஒன்று, இரண்டு. நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கியது. மூச்சுக் காற்று முழங்கையில் பட்டது, கட்டின் மேல் பட்டது. மருந்து வாடைக்குத் தும்மியது. அதற்கும் மேலே வேறு ஒரு வாடை வந்தது, அழுகிய பழம் மாதிரி. இது எங்கிருந்து? நாய் அவர் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போய், ஒரு முழம் தள்ளி, தொப்பென்று படுத்தது. தொடவில்லை. ஒரு முழம். அடுக்களை வாசல் இப்போது காலியாக இருந்தது. தண்ணீர் குடிக்கலாம். அவர் எழுந்திருக்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டபோது நான்கு பத்து. எஸ்தர் தனியாக உள்ளே வந்தாள்; முப்பது வயது இருக்கும், ஜீன்ஸும் காட்டன் சட்டையும், தோளில் ஒரு பை. தரையில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து, அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நாயைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். நாய் மோந்து பார்த்து முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். அப்போது அது தலையை உதறியது, வலப்பக்கம் சாய்த்தபடி. “இது எத்தனை நாளா சார்?” “மூணு வாரமா. என்னைப் பாத்தாலே உதறும். என்னை வேண்டாம்ங்குது.” எஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிக்காமல், “உங்களை இல்ல சார். காது” என்றாள். வாய்க்கு மெல்லிய துணிக் கட்டுப் போட்டு, வலது காதை மெதுவாகப் புரட்டினாள். உள்ளே கன்றிச் சிவந்து, பழுப்பு நிறத்தில் சீழ். “பாருங்க. இதைத் தொட்டா எந்த உயிரா இருந்தாலும் கடிக்கத்தான் செய்யும்.” நாய் முனகியது. மூன்று வாரம். ஒரே வீட்டில். அவருக்குக் கண் கரித்தது, வாடையால் என்பது போல மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பஞ்சால் துடைத்தாள், மருந்து விட்டாள், காதின் அடிப்பாகத்தை விரலால் நீவினாள். நாயின் முதுகு முழுக்க நடுங்கியது, பிறகு நடுக்கம் குறைந்தது. “உங்க மக கொண்டு போகச் சொன்னாங்க. காப்பகத்துல பாத்துக்கிடுவோம், காது ஆறிரும். ஊசி எல்லாம் போட்டிருக்கீங்க, மேஜை மேல ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்தேன். இருந்தாலும் கடிச்ச நாயைப் பத்து நாள் கண்ணு முன்னாடி வச்சிருக்கணும். என்ன சார், ஏத்தவா?” அவர் நாயைப் பார்த்தார். பயம் இருந்தது. பொய் சொல்வானேன், அந்தப் பல் இன்னும் கைக்குள் இருப்பது போலத்தான் இருந்தது. இது போய்விட்டால் சாயங்காலம் விளக்குப் போடுவது, டிவி போடுவது, டிவியை அணைப்பது. “இந்தச் சொட்டு மருந்து எத்தனை வேளை விடணும்மா?” “ரெண்டு வேளை. பத்து நாளைக்கு. வாய்க்கட்டுப் போடாம தொடக் கூடாது. முதல் நாலு நாள் உங்களை நல்லா உறுமும். முடியுமா சார் உங்களால? கையி வேற இப்படி இருக்கு.” “எப்படிப் போடுததுன்னு இன்னொரு தடவை காட்டு.” அவள் காட்டினாள். அவர் இடது கையால் வாய்க்கட்டைப் போட்டார், அவிழ்ந்துவிட்டது, மறுபடி போட்டார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் எழுந்து போகவில்லை. அது திரும்பும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தபடி இருந்தார்.

எஸ்தர் சீட்டு எழுத ஆரம்பித்தாள். “நாளைக்குக் காலையில நான் வந்து பாக்கேன். உங்க மகட்ட நீங்களே சொல்லிருங்க, என்னைத் திட்டப் போறாங்க. பேரு என்ன சார், இதுக்கு?” பேர். பிரமு வைத்த பேர். சங்கரிக்கு அது ‘நாய்’, அவருக்கு ‘ஏய்’. நாலு வருஷத்துக்கு முன்னால் சாக்கடையில் இருந்து முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த அன்றைக்கே அவள் வைத்துவிட்டாள். ஓசூரில் இருந்த சங்கரி பெரியவள், இது இளையது. பிரமுவின் பேச்சு நின்ற நாளில் இருந்து, பதினான்கு மாதமாக, இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லவில்லை. அவர் வாயில் அது ஒரு தடவைகூட வந்ததில்லை, கூச்சம்.

“சின்னவ” என்றார்.

எஸ்தரின் பேனா நகர்வதற்குள் நாய் எழுந்து நின்றது. இரண்டு காதும், புண்பட்ட காதும் சேர்ந்து, நிமிர்ந்தன. வால் அசையவில்லை. அது அவரைப் பார்க்கவில்லை. உள்ளறை வாசலைப் பார்த்தது. முன்னங்காலில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றது. தரையில் உட்கார்ந்தபடியே கோமதிநாயகமும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.